இரவில் அழும் நாய்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி டம்ளருடன் நின்றுகொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னைத் தனியே அழைத்துப் போனார். பென்ஷன் விஷயமாக ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "சார், உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதே, ராத்திரியில் அழுமா?" என்று கேட்டார். பேத்தியின் பிடிவாதத்துக்காக ஒரு குட்டி வாங்கிவிட்டார்களாம். பகலில் தங்கம். இரவு விளக்கை அணைத்ததும் முனகத் தொடங்கினால் விடியும்வரை ஓய்வதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து மணியடித்துவிட்டுப் போய்விட்டார். "எங்கேயாவது கொண்டு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறோம்" என்றார் அன்பர், குரலைத் தாழ்த்தி.

நின்றபடியே நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது நாய் வளர்க்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். ரெயில்வேயில் பெட்டிகள் பராமரிப்புப் பிரிவில் 38 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ எஞ்சினீயர். நாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு நாயிடமிருந்து தெரிந்துகொண்டது. அதிலும் பாதி, தவறு செய்து தெரிந்துகொண்டது.

2011-ஆம் வருஷம் நவராத்திரி சமயம். ஆரியசாலையில் இருப்பவர்களுக்கு நவராத்திரி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியம்மனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவார்கள். அம்மன் கோட்டைக்குள், நங்கை செந்திட்டைக் கோயிலில், குமாரசுவாமி நம் ஆரியசாலை அம்மன் கோயிலில். எங்கள் குமரி மாவட்டத்துச் சாமி எங்கள் தெருவுக்கே வந்து தங்குகிறார் என்பதில் என் தாயாருக்கு ஒரு தனிப் பெருமை. அந்த வாரத்தில்தான் வடசேரியில் இருக்கும் என் தங்கை வீட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியில் இன்னொருவனும் நாகர்கோவில் பாசஞ்சரில் வந்து சேர்ந்தான். சாதாரண நாட்டு நாய்க்குட்டி. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. பிறந்து 35 நாள். மணி என்று பெயர் வைத்தோம். நம் ஊரில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர்.

முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. கண் திறந்து நடக்கத் தொடங்கினால் குட்டியைப் பிரிக்கலாம் என்பது நம் ஊர் வழக்கம். அது சரியல்ல. எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். எங்கள் மணி மூன்று வாரம் முன்னதாகவே பிரிக்கப்பட்டவன். அதன் பலனை நாங்கள் இரவு பத்தரை மணியிலிருந்து அனுபவித்தோம்.

இரண்டாவது தவறு, படுக்க வைத்த இடம். பின்கட்டில் கழுத்தில் துணிக் கயிறு கட்டி, ஒரு சாக்கைப் போட்டு, கிண்ணம் நிறையப் பசும்பாலும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டோம். எவ்வளவு கருணை என்று எங்களுக்கு நாங்களே நினைத்துக்கொண்டோம். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிறு போகும் என்பதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது. ராத்திரி பத்தரைக்கு முனகல். பதினொன்றுக்கு அது சிணுங்கலானது. பன்னிரண்டுக்கு மேல் காதில் ஊசி ஏற்றுவது போன்ற ஒரு கத்தல். நாலாம் நாள் இரவு, தலையை மேலே தூக்கி, அந்தச் சின்னத் தொண்டையில் ஊளையே வந்துவிட்டது.

எங்கள் வீடு ஆரியசாலையில் ஒரு குறுக்குச் சந்தில் இருக்கிறது. வரிசை வீடு, அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவரின் மறுபக்கம் ஒரு மலையாளக் குடும்பம். எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தது. நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்பது நம்மவர்களிடம் மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை; அவர்களிடமும் உண்டு. ஐந்தாம் நாள் காலையில் அந்த வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "சாரே, பட்டி ராத்ரி முழுவன் கரச்சிலாணல்லோ" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, சண்டையில்லை. அந்த மென்மைதான் என்னைச் சுட்டது. அவர் சொல்லாமல் விட்டதை என் தாயார் சொன்னார்: "மக்கா, பக்கத்துல பெரியவரு படுத்திருக்காரு. இது ஊளை விட்டா அவங்க மனசு என்ன பாடுபடும், கேட்டியா? எங்கயாவது கொண்டு விட்டுரு."

கொண்டு விடுவது சுலபம். சாலைக் கடைத்தெரு நூறடி தூரம். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் அமைத்த அந்தக் கடைத்தெருவில் அன்றும் இன்றும் இரவில் லாரிகள் வந்து சரக்கு இறக்கும். எச்சில் இலைக்கும் எலிக்கும் பஞ்சமில்லை. "அங்கே விட்டால் பிழைத்துக்கொள்ளும் அண்ணாச்சி" என்று எங்களுக்கு மளிகை கொண்டுவரும் பையன்கூடச் சொன்னான். பிழைக்காது. கடைத்தெரு நாய்களுக்கு எல்லை உண்டு. 40 நாள் குட்டியை அவை ஒரு இரவுக்குமேல் விட்டுவைக்க மாட்டா. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரா என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். 1953-இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்ததும், அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்த பிறகு அதைத் திரும்பப் பெற்றதும், 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவராக இருந்ததும் அவரே. வாரியம் வெகுகாலம் சென்னையில்தான் இருந்தது. 2018-இல் ஹரியானாவுக்கு மாற்றினார்கள். நாய் விஷயத்தில் நம்மவர் ஒருவர் இத்தனை செய்திருக்கிறார் என்று அன்று எனக்குத் தெரியாது.

அன்றைய நிலையில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் நாள் இரவு ஒரு மணிக்குச் செய்தித்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். இரண்டு அடி. பலமாக அடிக்கவில்லை. ஆனால் குட்டி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. சத்தம் நின்றது. பத்து நிமிஷம் நின்றது. பிறகு முன்னைவிட மெல்லிய குரலில், தொண்டைக்குள்ளேயே, நடுங்கிக்கொண்டு ஆரம்பித்தது.

நான் படுக்கையில் வந்து உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது எங்கள் ஆட்கள் இருபுறமும் நின்று ஒவ்வொரு சக்கரத்தையும் கண்ணாலும் காதாலும் பரிசோதிப்பார்கள். 'ரோலிங் இன்' என்று அதற்குப் பெயர். சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு கேட்கும். பேரிங் சூடேறினால் கீச்சென்ற ஒலியும் கருகிய கிரீஸ் நாற்றமும் வரும். சத்தம் வந்த பெட்டியை அடித்துச் சத்தத்தை நிறுத்து என்று எந்த மேலதிகாரியும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தப் பெட்டி, எந்த அச்சு, எத்தனை தூரமாகச் சூடு என்று கண்டுபிடிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதையே வருஷக்கணக்கில் செய்துகொண்டிருந்தவன் வீட்டில் ஒரு குட்டி அழுதபோது காகிதத்தைச் சுருட்டினேன்.

மறுநாள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டேன். அழ ஆரம்பித்த நேரம், எங்கே படுத்திருந்தது, கடைசியாக எப்போது தின்றது, எப்போது மூத்திரம் போனது, யார் என்ன செய்தோம், எப்போது நின்றது. இந்த நோட்டுப் புத்தகம்தான் என் முழு வைத்தியம் என்றுகூடச் சொல்லலாம். மூன்று இரவு எழுதியதுமே இரண்டு விஷயம் தெரிந்துபோயிற்று. யாராவது பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாலே முனகல் பாதியாகிறது. மற்றது, இரண்டரை மணிக்கு வரும் அழுகை வேறு மாதிரி. அது முடிந்த சில நிமிஷத்தில் சாக்கு நனைந்திருக்கும்.

முதலாவதுக்குக் காரணம் தனிமை. தாயின் சூட்டிலும் நாலைந்து உடன்பிறப்புகளின் நெருக்கத்திலும் தூங்கிப் பழகிய பிராணி அது. காட்டில் கூட்டத்தைப் பிரிந்த குட்டி கத்தினால்தான் தாய்க்கு இருக்கும் இடம் தெரியும்; கத்தாத குட்டி பிழைக்காது. யாக் பாங்க்செப் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1978-இல் நாய்க்குட்டிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வலியைக் குறைக்கும் அபின் வகை மருந்தை மிகச் சிறிதளவு கொடுத்தாலே, பிரிவினால் அழும் குட்டிகளின் அழுகை குறைந்துவிடுகிறது என்று கண்டார்கள். அதாவது, தனியே விடப்பட்ட வேதனையும் உடம்பு வலியும் மூளைக்குள் ஒரே வழியில்தான் போகின்றன போலும். இதைப் படித்தபோது எனக்கு என் செய்தித்தாள் நினைவுக்கு வந்தது. (மருந்து கொடுக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது ஆராய்ச்சிக் கூடத்துக்கு.)

ஆகவே ஒரு மரப் பெட்டியில் என் மனைவியின் பழைய நூல் சேலையை மடித்துப் போட்டு, எங்கள் கட்டிலுக்கு அருகிலேயே வைத்தோம். வீட்டில் பெரிய விவாதம். நாயைப் படுக்கும் அறைக்குள் விடுவதா என்று தாயார் கேட்டார். நம் குடும்பங்கள் பலவற்றில் இது எழும் கேள்விதான். அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் வராது, இருபது நாள் மட்டும், என்று வாக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். சேலையைப் பெட்டியில் போடும் முன் ஒரு நாள் முழுக்க என் மனைவி அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்தார், வாசனை ஏறட்டும் என்று. ஒரு பாட்டிலில் இளஞ்சூடான வெந்நீர் ஊற்றி, துண்டில் இறுகச் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தோம். கொதிக்கக் கொதிக்க வைக்கக்கூடாது. டிக் டிக் என்று ஓடும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தால் தாயின் இதயத் துடிப்பு என்று நினைத்துத் தூங்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதையும் செய்தேன். மணியிடம் அது பலிக்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

முதல் இரவு அழுகை அரை மணி நேரமாகக் குறைந்தது. குட்டி முனகும்போது கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு விரல் அதன் மேல் படும்படி வைத்தேன். தூக்கிக் கொஞ்சவில்லை, பேசவில்லை, விளக்குப் போடவில்லை. நாலாம் இரவு பத்து நிமிஷம். ஒரு வாரம் கழிந்ததும் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒரு முழம் வாசல் பக்கம் நகர்த்தினேன். துலாவர்ஷ இடி ஒன்று நடு இரவில் விழுந்த அன்று எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி கட்டிலருகே கொண்டுவந்து இரண்டு இரவு வைத்து, மறுபடி முழம் முழமாக நகர்த்தினேன். கூடத்துக்குப் போய்ச் சேர 24 நாள் ஆயிற்று. தாயாருக்குக் கொடுத்த வாக்கில் நாலு நாள் பிசகிவிட்டது.

இரண்டரை மணி அழுகைக்குக் காரணம் மூத்திரப் பை. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தோராயமாகக் கணக்கு வரும். ஒரு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரம். மூன்று மாதத்துக்கு நாலு. அதை எட்டு மணி நேரம் அடைத்துவைத்துவிட்டு ஏன் அழுகிறது என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்தோம். பத்தரைக்கு ஒரு முறை, அழுவதற்கு முன்பே அலாரம் வைத்துக்கொண்டு ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒவ்வொரு முறை வெளியே கொண்டு போனோம். நானும் மகனும் முறைவைத்துக்கொண்டோம். வெளியே விளையாட்டுக் கிடையாது. காரியம் முடிந்ததும், "நல்ல பிள்ளை" என்று ஒரு சொல், திரும்பப் பெட்டி. மாதம் ஏற ஏற ஒவ்வொரு முறையாகக் குறைத்தோம். ஐந்தாம் மாதத்தில் இரவு முழுக்கத் தாங்கினான். வீட்டுக்குள் மூத்திரம் போகக்கூடாது என்பதை அவன் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டான் என்பது பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடுவில் ஒரு வாரம் காரணமே இல்லாமல் அழுகை கூடிற்று. வயிறு நிறைந்திருக்கிறது, மூத்திரம் போயாயிற்று, இடி இல்லை, மழை இல்லை. நோட்டைப் பார்த்தால், தினமும் சுமார் 40 நிமிஷம் அழுதபின் சட்டென்று நிற்கிறது. ஒரு நாள் தூங்குவது போலக் கிடந்து பார்த்தேன். என் தாயார் இருட்டில் எழுந்து வந்து ஒரு ரஸ்க்கைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்! கொண்டு விட்டுரு என்று சொன்ன அதே தாயார்தான். மனசு கேட்கவில்லையாம். பத்து நிமிஷம் அழுதால் ஒன்றும் வராது, விடாமல் 40 நிமிஷம் அழுதால் ரஸ்க் வரும் என்று மணி கணக்குப் போட்டுவிட்டான். எப்போதும் கொடுப்பதைவிட எப்போதாவது கொடுப்பதுதான் ஒரு பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நிரூபித்திருக்கிறார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. ரஸ்க் நின்றதும் முதல் இரண்டு நாள் அழுகை முன்னைவிடப் பலமாக வந்தது. லிஃப்ட் வராவிட்டால் நாம் பொத்தானை இன்னும் ஓங்கி அழுத்துவதில்லையா, அதுபோல. அந்த இரண்டு நாளில் மனம் தளர்ந்து கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அழ வேண்டும் என்பதுதான் பாடமாகிவிடும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். நாயைப் பழக்குவதைவிட அது கஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்டுகொள்ளாமல் விடுவது என்பது ரஸ்க் அழுகைக்கு மட்டும்தான் மருந்து. புதிதாக வந்த குட்டி பயந்து அழும்போது பக்கத்தில் இருப்பதால் அது கெட்டுப்போவதில்லை. குடற்புழு இருந்தாலும் குட்டி இரவில் முனகும். வயிறு மட்டும் உப்பியிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்; ஐபுபுரூபன் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சைகூட நாய்க்கு ஆகாது என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. கேரளத்தில் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி உரிமமும் கட்டாயம். அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்திருந்தால் கீழ்வீட்டுக்காரரோடு பேசுவதற்கும் வசதியாக இருக்கும். அவரிடம் போய், "இன்னும் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ன முயற்சி செய்கிறோம்" என்று நாமாகச் சொல்லிவிடுவது நல்லது. நான் பெரியவரின் வீட்டில் போய்ச் சொன்னேன். கட்டிலில் படுத்தபடியே அவர் சிரித்தார். அவர் அதன்பின் ஏழு வருஷம் இருந்தார். மாலை வேளைகளில் திண்ணையில் உட்காருவார். மணி அவர் காலடியில் கிடப்பான். அவர் காலமான இரவில் இவன் ஊளையிடவில்லை. குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

இடையில் 2016 வாக்கில் ஒரு சில வாரம் நள்ளிரவு ஒரு மணிக்கு எழுந்து கூரையைப் பார்த்துச் சிணுங்கினான். எங்கள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், என் வயதில் அதுவும் இல்லை. நாய்க்கு 45,000 வரை கேட்கும். எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் 20,000-க்கு மேல்தான். சாலைக் கிடங்குகளின் எலிகள் எங்கள் மச்சுக்கு வந்து குடியேறியிருந்தன. ஓட்டை அடைத்தோம், சிணுங்கல் நின்றது.

இனிச் சொல்லப்போவதுதான் இதை நான் எழுதுவதற்கு உண்மையான காரணம்.

2023-இல் மணிக்குப் பன்னிரண்டு வயது. முகமெல்லாம் நரைத்துவிட்டது. நானும் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது, தாயார் போய்விட்டார், பிள்ளைகள் வெளியூர். ஒரு மழைக்கால இரவு இரண்டு மணிக்கு அவன் அழத் தொடங்கினான். மறுநாளும் அதே. எனக்கோ இந்த விஷயத்தில் பெரிய நிபுணன் என்ற நினைப்பு. ஊரில் பாதிப் பேருக்கு யோசனை சொன்னவன் அல்லவா? "ஒன்றும் இல்லை, பிள்ளைகள் போனதிலிருந்து செல்லம் கேட்கிறான். கண்டுகொள்ளாதே, ஒரு வாரத்தில் நின்றுவிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. அழுகை கூடியபோது, ரஸ்க் நின்றதும் கூடியது போலத்தான் இதுவும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். ஏழாம் நாள், தூக்கம் கெடுகிறது என்று இடைக்கதவைத் தாழ்போட்டேன்.

ஒன்பதாம் நாள் அதிகாலை என் மனைவி என்னை எழுப்பினார். "என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். மணி தெருக்கதவின் அடியில், மூக்கைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு கிடந்தான். கதவின் கீழ்ப் பலகையில் நகத்தால் பிறாண்டிய கோடுகள். பக்கத்தில் தரையில் சொட்டுச் சொட்டாகச் செந்நிறத்தில் மூத்திரம். எங்களைக் கண்டதும் வாலை ஆட்டவில்லை. காதை மடக்கி, தரையோடு ஒட்டிக்கொண்டான். வீட்டுக்குள் போய்விட்டதற்கு அடி விழும் என்று நினைத்தானோ என்னவோ. 2011-க்குப் பிறகு நான் அவன்மேல் கை வைத்ததே இல்லை.

அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, மூத்திரப் பையிலும் கிருமி சேர்ந்துவிட்டது என்றார். கருத்தடை செய்யாத ஆண் நாய்களுக்கு வயதானால் இந்த வீக்கம் மிகச் சாதாரணமாம். சின்ன வயதிலேயே கருத்தடை செய்திருந்தால் வந்தே இருக்காது. அது பாவம் என்று நினைத்து நாங்கள்தான் செய்யாமல் விட்டோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை முட்டும், போனால் எரியும், போகாவிட்டால் வலிக்கும். வீட்டுக்குள் போகக்கூடாது என்று குட்டியில் நாங்கள் கற்றுக்கொடுத்ததை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒன்பது இரவு அவன் கதவைத் திற என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் தாழ்போட்டேன். சூடேறிய அச்சின் ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டே, பழைய கோளாறுதான் என்று கொடியசைத்து அனுப்பிவிட்ட ஆளைப் போல.

மூன்று வாரம் மருந்து. கிருமி அடங்கியதும் அறுவை சிகிச்சை. அந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா என்று பயந்தோம், தாங்கினான். மாதம் திரும்புவதற்குள் வீக்கம் வடிந்தது. மருத்துவர் அப்போது சொன்ன இன்னொரு விஷயத்தையும் வயதான நாய் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் வயதானால் ஞாபகம் தடுமாறும். பகலில் தூங்கி இரவில் அலையும், சுவரைப் பார்த்து நிற்கும், பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் அழும். அதற்கு ஒரு சின்ன இரவு விளக்கும், மாறாத நேர ஒழுங்கும் உதவும், மருந்தும் உண்டு. நேற்றுவரை அமைதியாகத் தூங்கிய நாய் திடீரென்று இரவில் அழுதால் முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள். ஒன்பது நாள் காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் கேட்ட அன்பருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்று டெலிபோன் செய்தார். குட்டியின் பெட்டி அவர் கட்டிலருகே வந்துவிட்டதாம்; பேத்தி அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டாளாம். இனி நகர்த்த வேண்டியது இரண்டு பேரை.

மணிக்கு இப்போது பதினாலு நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு முறை வெளியே போயாக வேண்டும். அவன் முனகும் முன்பே நான் எழுந்துவிடுகிறேன். அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, அவனுக்கு வீங்கிய அதே சுரப்பி எனக்கும் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கிறது. நான் என் காரியத்தை முடித்துக்கொண்டு கதவைத் திறப்பேன். இருவரும் மெதுவாகச் சந்து முனைவரை போய்விட்டு வருவோம். அந்த நேரத்தில் சாலைக்குள் வாழைத்தார் லாரி வந்து நிற்கும். சுமை இறக்கும் ஆட்களில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துப் பழகிவிட்டார். தலையில் தாரோடு நின்று, தினமும் அதே கேள்வியைக் கேட்பார்: "என்ன அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் இன்னைக்கும் தூக்கம் வரலியா?"